கயாக்ல மீன் பிடிக்கப் போற தங்கச்சிக்கு

எந்த ரீல் வாங்கலாம், எந்த லூர் போட்டா கொடுவா அடிக்கும்னு சொல்லித்தர யூடியூப்ல ஆயிரம் அண்ணனுங்க இருக்காங்க. உப்புத் தண்ணியில, வெயில்ல, நாலு மணி நேரம் ஒரே இடத்துல எப்படி உட்கார்றது, அவசரம்னா எங்க ஒதுங்குறதுன்னு ஒருத்தரும் வாயத் திறக்கிறதில்ல. அதை நான் சொல்றேன். கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு பக்கம் மேல உட்கார்ந்து ஓட்டுற சிட்-ஆன்-டாப் கயாக்ல போறவங்களுக்குத்தான் இது.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. கயாக்ல உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற சாமான், வீட்ல மறந்துட்டு வந்த சாமானுக்குச் சமம். திரும்பி எக்கி எடுக்கப் பார்க்கும்போதுதான் கயாக் சாயும். அதனால புதுசா எதையும் வாங்குறதுக்கு முன்னாடி, மொட்டை மாடியில கயாக்கை வெச்சு, லைஃப் ஜாக்கெட்டோட உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு. பிளையர், தண்ணி, கத்தி, போன். கைக்கு வராததை எல்லாம் இடம் மாத்து. பின்னாடி வைக்கிற கிரேட்ல, அடிக்கடி தேவைப்படாததுதான் இருக்கணும். கிரேட்டுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணாத. பழைய காய்கறி கிரேட்டோட பக்கவாட்டுல ரெண்டு பிவிசி பைப் துண்டை கேபிள் டை போட்டு இறுக்கினா ராடு நிக்க ஸ்டாண்ட் ரெடி.

பிளையர், துடுப்பு, ராடு எல்லாத்துக்கும் ஒரு சுருள் கயிறு கட்டு. ஆனா அலை உடையிற இடத்தைத் தாண்டுற வரைக்கும் கயிறு எதுவும் தொங்கக் கூடாது. கவிழ்ந்தா காலைச் சுத்திக்கும். தாண்டும்போது கையில இருக்கிற துடுப்பைத் தவிர எல்லாம் உள்ள, மூடியிட்ட அறையில. தாண்டினப்புறம் வெளிய எடு. திரும்பி வரும்போதும் அப்படியே.

லைஃப் ஜாக்கெட்டை உறுத்துதுன்னு கழட்டி வைக்கிறவங்கதான் அதிகம். குற்றம் ஜாக்கெட் மேல இல்ல, வாங்கின மாடல் மேல. கீழ்முதுகு பக்கம் வெறும் வலையா, மிதவை மேல்முதுகுல மட்டும் இருக்கிறதா பார்த்து வாங்கு. சீட் சாய்மானத்தோட இடிக்காது. அதோட பாக்கெட்ல ஒரு விசில் இருக்கட்டும். சீட்டுக்கு அடியிலயும் குதிகால் படுற இடத்துலயும் பழைய யோகா மேட்டை வெட்டிப் போடு. முட்டி லேசா மடங்கியிருக்கிற மாதிரி கால் மிதியைத் தள்ளி வெச்சா பாதி இடுப்பு வலி போயிடும்.

வெயிலுக்கு முழுக்கை டீஷர்ட், கழுத்துத் துணி, தொப்பி எல்லாம் உனக்கே தெரியும். எல்லாரும் கோட்டை விடுறது பாதத்தோட மேல்பக்கத்தை. உட்கார்ந்தபடியே இருக்கிறதால சூரியன் நேரா அங்கதான் அடிக்கும். பழைய சாக்ஸ் போட்டுக்கோ. சன்ஸ்கிரீன் பூசினா கையைக் கழுவிட்டு லூரைத் தொடு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பொண்ணுங்க நிறைய பேர் சிறுநீர் வந்துடும்னு பயந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. சென்னை வெயில்ல அது தலைவலி, தசைப்பிடிப்பு, மயக்கம்னு போய் நிக்கும், அதுவும் கரையிலிருந்து தள்ளி. மெடிக்கல்ல, ஆன்லைன்ல பெண்களுக்கான புனல் கிடைக்குது. அதையும் அகலமான வாய் உள்ள, மூடி இறுக்கமான ஒரு பாட்டிலையும் வாங்கிக்கோ. முதல் தடவை கடல்ல முயற்சி பண்ணாத. வீட்டு பாத்ரூம்ல உட்கார்ந்தபடியே பழகு. கீழ எலாஸ்டிக் வெச்ச தனி பேன்ட், மேல தனி சட்டை. ஒரே உடையா வர்ற நீச்சல் சூட் போட்டா அவ்வளவுதான். அந்த பாட்டிலைச் சுத்தி சிவப்பு டேப் ஒட்டிடு. குடிக்கிற பாட்டில் பக்கத்துல வைக்கவே வைக்காத. கூட வர்ற மகராசன் எதை எடுத்துக் குடிப்பான்னு சொல்ல முடியாது!

குடிக்க, முதல் நாள் ராத்திரியே ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டை முக்கால்வாசி நிரப்பி ஃப்ரீசர்ல போடு. முழுசா நிரப்பினா விரியும். காலையில மீன் பைக்கு அதுவே ஐஸ், உருக உருக உனக்கு ஜில் தண்ணி. மூடியைத் துடைச்சிட்டுக் குடி. உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் தனியா. சாப்பாட்டுக்குப் பொடி தடவின மினி இட்லியை மிஞ்ச ஒண்ணும் இல்ல. குச்சியில குத்தி வாயில போட்டா மீன் கை இட்லியில படாது.

ஒரு சின்ன ஃபிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துட்டுப் போ. டீக்கு மட்டும் இல்ல. நம்ம கடல்ல கெளுத்தி நிறைய மாட்டும், அதோட முதுகு முள்ளுலயும் ரெண்டு பக்க முள்ளுலயும் விஷம் உண்டு. குத்தினா உயிர் போற வலி. பொறுக்கிற அளவு சூடான தண்ணியில குத்தின இடத்தை முக்கி வெச்சா வலி நல்லா குறையும். ஃபிளாஸ்க் தண்ணியை அப்படியே ஊத்தினா வெந்துடும். கடல் தண்ணி கலந்து, குத்தாத கையால சூட்டைப் பார்த்துட்டு வை. அப்புறம் கரைக்கு வந்து டாக்டர்கிட்ட காட்டு, முள் உள்ளயே முறிஞ்சிருக்கலாம். கெளுத்தியைக் கையால பிடிக்கவே வேண்டாம், நீள மூக்கு பிளையர் போதும். எல்லா ஹூக்கோட எதிர்முள்ளையும் வீட்லயே அதே பிளையரால நசுக்கிடு. மீன் வாயிலிருந்தும் சுலபமா வரும், உன் விரல்லருந்தும் சுலபமா வரும்.

மீன் பையில ஐஸோட கொஞ்சம் கடல் தண்ணி ஊத்து. வெறும் ஐஸ் மேல கிடக்கிற மீனைவிட அந்தக் கரைசல்ல முங்கின மீன் சீக்கிரம் குளிரும்.

காத்தைப் பத்திச் சுருக்கமா: போறதுக்கு முன்னாடி இன்காய்ஸ்ங்கிற அரசாங்கக் கடல் தகவல் மையத்தோட அலை அறிவிப்பைப் பாரு, கரையில வலை பிரிக்கிற அண்ணன்கள்கிட்டயும் கேளு. மே, ஜூன்ல கச்சான் அடிக்கும். மேற்குலருந்து வர்ற காத்து, கரையோரம் கடல் குளம் மாதிரி தெரியும், ஆனா உன்னைச் சத்தமில்லாம உள்ள தள்ளிட்டுப் போயிடும். அந்த நாள்ல முட்டுக்காடு கழிமுகத்துக்குள்ளயே தூண்டில் போடு. போன்ல கடலோரக் காவல்படையோட 1554 சேவ் பண்ணி வை. தண்ணி புகாத உறைக்குள்ள முதல்ல டிஷ்யூ பேப்பரை வெச்சு பக்கெட்ல முக்கிப் பாரு, அப்புறம் போனை வை.

கரையேறினதும் உடை மாத்த இடம் தேடி அலையாத. பெரிய சைஸ் நைட்டி ஒண்ணைத் தலை வழியா மாட்டிக்கிட்டா அதுக்குள்ளயே எல்லாம் மாத்திடலாம். ரெண்டு லிட்டர் பாட்டில் மூடியில நாலு ஓட்டை போட்டு நல்ல தண்ணி கொண்டு போனா கால் கழுவ ஷவர், ரீல் கழுவவும் அதுவே. ரீலை வேகமா பீய்ச்சி அடிச்சுக் கழுவாத, உப்பு உள்ள போகும். டிராக்கை இறுக்கிட்டு மெதுவா ஊத்து, காய்ஞ்சதும் டிராக்கைத் தளர்த்திடு. பை ஜிப்புக்கு மெழுகுவர்த்தியைத் தேய்.

மீன் கிடைச்சா, மார்க்கெட்ல வெட்டித் தர்ற அக்காக்கள்கிட்ட காசு கொடுத்து சுத்தம் பண்ணி வாங்கிட்டு வா. சிங்க்ல செதில் அடைச்சா அம்மாகிட்ட உனக்காக நான் வர மாட்டேன்.