உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள்

மாணவர்களே, நமது பந்திங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. பள்ளித் திடலிலும் செம்பனைத் தோட்டத்திலும் மோரிப் கடற்கரையிலும் ஆண்டு முழுவதும் வெயில்தான். ஆனாலும், “நமக்குக் கறுத்த தோல்; தோல் புற்றுநோய் வராது” என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.வைக் காக்கிறது. ஆகவே, கருநிறத் தோல் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால், வந்தால் பெரும்பாலும் தாமதமாகவே தெரிய வருகிறது. ஏன்?

மெலனினை உருவாக்கும் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. தோல் புற்றுநோய்களில் விரைவாகப் பரவி உயிரைப் பறிக்கக்கூடியது இது. கருநிறத் தோலில் இது வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி போன்ற இடங்களில்தான் அதிகம் வருகிறது. அங்கே வெயில் காரணமன்று. அங்கே யாரும் தேடிப் பார்ப்பதும் இல்லை.

ஜமாய்க்கா பாடகர் பாப் மார்லி காற்பந்துப் பிரியர். அவருடைய கால் கட்டைவிரலில் இருந்த புண்ணை விளையாட்டுக் காயம் என்றே நினைத்தார்கள். 1977இல் அது நகத்தடி மெலனோமா எனத் தெரிந்தது. விரலை அகற்ற அவர் சம்மதிக்கவில்லை. நோய் பரவி, 1981 மே 11இல், 36ஆவது வயதில் காலமானார்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

• இரு பாதியும் ஒத்திராத, ஓரம் ஒழுங்கற்ற, பல நிறம் கலந்த மச்சம்
• 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதான அல்லது மாறிக்கொண்டே வரும் மச்சம்
• ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு
• வாரக்கணக்கில் ஆறாத புண், குறிப்பாகப் பழைய தீக்காயத் தழும்பின்மேல்

இவற்றுள் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான மச்சங்கள் தீங்கற்றவை. ஆனால், பிளேடால் கீறாதீர்கள். மருந்துக்கடைக் களிம்பை மட்டும் நம்பி நாள் கடத்தாதீர்கள். கிளினிக்கில் காட்டுங்கள். சிறு துண்டுத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை தெரியும்.

தொடக்கத்திலேயே கண்டால், சுற்றியுள்ள சிறிதளவு நல்ல தோலோடு வெட்டி அகற்றுவதே பெரும்பாலும் போதும். பரவிவிட்டால் சிகிச்சை கடினம். நம் வெள்ளை அணுக்களுக்குப் புற்றுநோய் போடும் ‘பிரேக்கை’ விடுவிக்கும் மருந்துகள் இன்று உள்ளன. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

இன்று குளித்ததும் உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத தாத்தா பாட்டிக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.