செக்ரோலில் பெயரை வெட்டுவதற்கு முன்

குடும்பப் பாடம்: வேலையை விட்டு ஒன்லைனில் பிழைப்பது பற்றி



ஒரு காலத்தில் தோட்ட வேலையை விடுவதென்றால் ஊரை விட்டுப் போவது என்றுதான் பொருள். கொழும்புக் கடைகளுக்கும், வீட்டு வேலைக்கும், பிறகு ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், மத்திய கிழக்குக்கும் நம் பிள்ளைகள் போனார்கள். இப்போது லயத்தை விட்டு நகராமலே வேலையை விடலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. போனில் வீடியோ எடுத்துப் போட்டால் காசு, டைப் பண்ணிக் கொடுத்தால் காசு, சாமான் விற்றால் காசு என்கிறார்கள். "இனி நான் பெரட்டுக்கு வரமாட்டேன், ஒன்லைன்லயே சம்பாதிச்சுக்கிறேன்" என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கத்துகிற அப்பாமாரும் இருக்கிறார்கள்.

இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து, ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட வைப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். கத்திப் பேசினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். கணக்கில் யாரும் கோபிக்க முடியாது.

1. நாம் விடுவது எதை?

சம்பள நாளன்று கைக்கு வருவதைத்தான் நாம் சம்பளம் என்கிறோம். கைக்கு வராத சம்பளம் ஒன்றும் உண்டு. அதையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

2024 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தத் தொகையையே உதாரணமாக எடுப்போம். பிறகு கூடியிருந்தால் உங்கள் சம்பளத் துண்டைப் பார்த்து மாற்றிக் கொள்ளுங்கள். ஓர் அக்கா மாதத்தில் 25 பேர் போடுகிறார் என்று வைப்போம்.

அடிப்படைச் சம்பளம்: 25 x 1,350 = 33,750 ரூபாய்.

இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்காக 8 வீதம், அதாவது 2,700 ரூபாய் பிடிபடும். அது அவருடைய சொந்தக் காசு. அதற்கு மேல் தோட்டம் தன் பங்காகப் போட வேண்டியவை இவை:

சேமலாப நிதிக்கு 12 வீதம்: 4,050 ரூபாய்.
ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம்: 1,012 ரூபாய் 50 சதம்.

இன்னொன்று பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 14 x 1,350 = 18,900 ரூபாய். இதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,575 ரூபாய்.

தோட்டம் போடும் இந்த மூன்றையும் கூட்டினால் 6,637 ரூபாய் 50 சதம் வருகிறது. ஆகவே அந்த அக்காவின் உண்மையான மாதச் சம்பளம் 33,750 அல்ல, 40,387 ரூபாய் 50 சதம். ஒன்லைன் வருமானத்தை இந்தப் பெரிய தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

காசாக எண்ண முடியாதவையும் இருக்கின்றன. பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்தோடு 84 நாள் லீவு, வேலையில் அடிபட்டால் நட்டஈடு ஆகியவை சட்டம் தந்த உரிமைகள். போனில் உழைக்கிற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் அந்த மாதம் வருமானமே நின்றுவிடலாம். லயக் காம்பராவையும் மறக்கக் கூடாது. அது வேலையோடு சேர்ந்து வந்த வீடு. உங்கள் காம்பரா யார் பெயரில் பதிந்திருக்கிறது, வீட்டில் ஒருவரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே ஆபீசிலும் சங்கத் தலைவரிடமும் கேட்டு வையுங்கள்.

2. வருவது எப்படி வருகிறது?

ஒன்லைன் உழைப்பு பொய்யல்ல. உண்மையாகவே அதில் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காசு வரும் வழியை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடியோ: யூடியூப்பில் வீடியோ போட்டவுடன் காசு வராது. விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணித்தியாலம் மக்கள் உங்கள் வீடியோக்களைப் பார்த்திருக்க வேண்டும் (குறும் வீடியோக்களுக்கு வேறு கணக்கு உண்டு). 4,000 மணித்தியாலம் என்றால் 240,000 நிமிடம். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 தடவை பார்க்கப்பட வேண்டும். அதன் பிறகும் சாதாரண வீடியோவின் விளம்பரப் பணத்தில் 55 வீதமே உங்களுக்கு. உங்கள் கணக்கில் 100 டொலர் சேரும்வரை அது கைக்கு அனுப்பப்படாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையானால் பெற்றோரின் கணக்கு ஊடாகவே பணம் பெற முடியும்.

கூலி வேலை: டைப் செய்தல், வீடியோ வெட்டி ஒட்டுதல், படம் வரைதல், மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளை வெளிநாட்டவருக்குச் செய்து கொடுக்கும் தளங்கள் உண்டு. அவையும் கொமிஷன் எடுக்கும். உதாரணமாக, பைவர் தளம் 20 வீதம் எடுக்கிறது. 50 டொலர் வேலைக்கு உங்களுக்கு 40 டொலர்தான். அதை வங்கிக்கு எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த மலையகப் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு வேலையில் இடம் இருக்கிறது. மூன்று மொழியையும் பிழையில்லாமல் எழுதப் படிப்பதே அதற்கு முதலீடு.

விற்பனை: தைத்த சட்டை, கேக், பூங்கன்று, மரக்கறி என்று வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விற்பது. நம் பெண்களுக்கு இதுதான் கிட்டத்து வழி. இங்கே விற்ற காசு முழுவதையும் லாபமென்று எண்ணிவிடக் கூடாது. துணி, சீனி, பொதி அனுப்பும் செலவு, திரும்பி வந்த பொதி, எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதே வருமானம்.

எந்த வழியானாலும் டேட்டா, மின்சாரம், போன் பழுது ஆகிய செலவுகளை எழுதுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும், சிக்னல் போகும். அந்த நாட்களையும் எண்ணுங்கள். மலையில் மழை பெய்தால் கொழுந்து கூடும். போன்காரருக்கு மழை லாபம் தராது.

3. முகவரி என்ற பிரச்சினை

வெளியூர்க்காரருக்கு விளங்காத தடை ஒன்று நமக்கு உண்டு. யூடியூப் பணத்தைத் தருவதற்கு முன், கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிப்படுத்த ஓர் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அந்த இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். நமது லயங்களிலோ பல காம்பராக்களுக்குத் தனி இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயரில் வரும் கடிதம் ஆபீசில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் வந்து சேர்கிறது. ஒரு வருட உழைப்பு ஒரு தபால் உறைக்காகக் காத்துக் கிடக்கும் நிலை இது.

ஆகவே முதல் வேலையாக முகவரியைச் சரி செய்யுங்கள். டிவிசன் பெயர், லய இலக்கம், காம்பரா இலக்கம், தபாலகம் என்று ஒரே விதமாக எங்கும் எழுதுங்கள். தபால் பிரித்துக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயரும், வங்கிப் புத்தகத்தில் வேறொரு பெயரும், சேமலாப நிதியில் இன்னொரு பெயரும் இருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள். பெயர் பொருந்தாவிட்டால் டொலரும் வராது, சேமலாபமும் வராது.

4. காசு கேட்கிற வேலை வேலையல்ல

வேலை கொடுப்பவர் நமக்குக் காசு தர வேண்டும். நம்மிடம் காசு கேட்டால் அது வேலையல்ல. இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் பாதி ஆபத்து தீரும்.

வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று வாட்ஸ்அப்பில் சேதி வரும். முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே வரும். "இப்ப அஞ்சாயிரம் போடுங்க, எட்டாயிரமா திருப்பித் தாறோம்" என்பார்கள். போட்டதும் இன்னும் கேட்பார்கள். கடைசியில் போனை எடுக்க மாட்டார்கள். ஆள் சேர்த்தால் காசு என்பது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி அதை நடத்துவது குற்றம். சந்தேகம் வந்தால் தடைசெய்யப்பட்ட திட்டங்கள் எவையென்று மத்திய வங்கி வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். "உங்க பேங்க் கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தாங்க, கொமிஷன் தாறோம்" என்று கேட்டால் கொடுக்கவே வேண்டாம். திருட்டுக் காசு உங்கள் பெயரில் ஓடினால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடி பகுதியில் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2024ஆம் ஆண்டில் பலர் மீட்கப்பட்டார்கள். விசிட் விசாவில் வேலைக்கு அழைப்பவரை நம்பாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு உள்ளதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

5. விடுவதென்றால் எப்படி விடுவது?

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சக் காலத்துக்கு அப்படி நிற்பதே புத்தி. செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

(அ) வேலையில் இருந்துகொண்டே தொடங்குங்கள். மாலையில் இரண்டு மணித்தியாலம், ஞாயிறு அரை நாள். அந்த நேரத்தில் அம்மாவின் சமையலறை வேலையையும் தண்ணீர் எடுப்பதையும் ஆண்பிள்ளைகளும் பங்கு போட்டால்தான் பெண்களுக்கும் இது முடியும்.

(ஆ) தொடர்ந்து ஆறு மாதம் வரவு செலவு எழுதுங்கள். ஒரு மாதம் நிறைய வந்தது என்று துள்ளாதீர்கள். ஆறு மாதத்தில் மிகக் குறைந்த மாதம் எது என்று பாருங்கள். அந்த மாதத்திலும் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா?

(இ) ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விட வேண்டாம். ஒருவர் பெயராவது செக்ரோலில் இருக்கட்டும்.

(ஈ) நாளைப் பார்த்து விடுங்கள். நாலு வருடம் பத்து மாதத்தில் விலகினால் பணிக்கொடை இல்லை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் ஐந்து வருடத்துக்கும் உண்டு: 70 நாள் சம்பளம், நமது உதாரணத்தில் 94,500 ரூபாய்.

(உ) சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். விலகல் கடிதம் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். பணிக்கொடை 30 நாளுக்குள் தரப்பட வேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம்.

(ஊ) சேமலாப நிதியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வேலையை விட்டவுடன் அதை முழுதாக எடுக்க முடியாது. பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது ஆக வேண்டும். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக உழைக்க முடியாதவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. நம்பிக்கை நிதியை வேலை விட்டதும் கேட்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.

(எ) விட்ட பிறகு உங்களுக்கு நீங்களே தோட்டம், நீங்களே துரை. ஆகவே தோட்டம் போட்ட பங்கை நீங்கள் போட வேண்டும். சுயதொழில் செய்பவரும் நம்பிக்கை நிதியில் விரும்பிச் சேரலாம். 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையில் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஐம்பத்தைந்து வயதில் கை நடுங்கும்போது சாப்பாடு போடுவது இந்தச் சேமிப்புத்தான்.

6. வீட்டில் பேசிப் பார்க்க

அடுத்த சம்பள நாளன்று சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கேள்விகளுக்கு எல்லாரும் சேர்ந்து பதில் எழுதுங்கள். படித்த பிள்ளை வாசிக்கட்டும்.

- நம் வீட்டில் ஒவ்வொருவருக்கும் எத்தனை வருட சேவை? சேமலாப நிதியில் எவ்வளவு இருக்கிறது?
- தோட்டம் போடும் பங்கையும் சேர்த்தால் நம் உண்மைச் சம்பளம் எவ்வளவு?
- ஒன்லைனில் செய்ய நினைக்கும் வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? யாரிடம் படிக்கலாம்?
- வருமானமே வராத மூன்று மாதம் வந்தால் எதைக் கொண்டு சாப்பிடுவோம்?
- நம்மிடம் யாராவது முன்பணம் கேட்டார்களா?

இந்த ஐந்துக்கும் பதில் எழுதிய பிறகும் ஒரு பிள்ளை துணிந்து கேட்டால், "போ, செய்து பார்" என்று சொல்ல அப்பா அம்மா தயங்க வேண்டாம். நாலு தலைமுறை கூடை தூக்கிய வீட்டில் ஒரு பிள்ளை வேறு வழி தேடுவது குற்றமல்ல. பதில் எழுத முடியாமல் போனால், பிள்ளையும் இன்னும் ஆறு மாதம் பொறுத்துக் கொள்ளட்டும். கொப்பியை மூடி வையுங்கள், எறிந்துவிடாதீர்கள். அடுத்த கணக்கு அதே பக்கத்தில்தான் தொடங்க வேண்டும்.