புரதமென்னும் பெயரும் அதற்கு நாம் கொடுக்கும் விலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடைகளிலே, திருநெல்வேலியாயினும் சுன்னாகமாயினும் சாவகச்சேரியாயினும், இந்நாட்களில் ஒரு சொல் பெருவழக்காயிருத்தலை யாவரும் கண்டிருப்பர். மாப்பேணியில் ‘புரதம்’, விசுக்கோத்துப் பக்கெற்றில் ‘புரதம்’, குழந்தைகளின் பானத்தூளில் ‘புரதம்’. உடற்பயிற்சி செய்யும் இளைஞர் வாங்கும் பெரும்போத்தல்களிலும் அதுவே கொட்டை எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதே கடையின் வாசலில், வாய்திறந்த சாக்குகளிற் பயறும் உழுந்தும் கௌபியும் இருக்கின்றன. அவற்றின்மேல் விலையைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை.

அச்சாக்கிலுள்ளதை விளைவிப்போர் கமக்காரர். அப்பேணியிலுள்ளதை விலைகொடுத்து வாங்குவோரும் பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தினரே. ஆகவே, வாங்குவோர் செய்யவேண்டிய கணக்கொன்றும் விளைவிப்போர் செய்யவேண்டிய கணக்கொன்றும் இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

உடலின் தசை, குருதி, தோல் ஆகியன புரதத்தினாலேயே கட்டப்படுகின்றன. வளர்ந்த ஒருவருக்கு அவரது நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமென உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூடிய நிபுணர் குழு கணித்துள்ளது. 60 கிலோ நிறையுள்ளவருக்கு இது 50 கிராம் ஆகும். மூன்று வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ 12 கிராம் போதும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுந் தாய்மாருக்கும் சிறிது கூடுதலாக வேண்டும். கோழி முட்டையொன்றில் 6 கிராம் உண்டு. ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம் உண்டு. பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவிலும், கச்சானில் 25 கிராம் அளவிலும், சோயா அவரையில் 36 கிராமுக்கு மேலும் உள்ளது. அரிசியில் 7 கிராமே உள்ளதெனினும், நாம் அதனை மிகுதியாக உண்பதால் அதிலிருந்து கிடைக்கும் புரதமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இனி, பக்கெற்றின்மேல் உள்ள சொல்லைப் பார்ப்போம். உணவுப்பொருட்களுக்குச் சர்வதேச நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழுவின் வழிகாட்டலின்படி, திண்ம உணவொன்றின் 100 கிராமில் 5 கிராம் புரதம் இருந்தால் அதனைப் ‘புரதமுள்ளது’ எனலாம். 10 கிராம் இருந்தால் ‘புரதம் மிகுந்தது’ எனலாம். இவ்வளவுகோலைக் கையிலெடுத்தால், நம் வீட்டுச் சட்டியிலுள்ள பச்சையரிசியே ‘புரதமுள்ள’ உணவாகிவிடும். பயறோ ‘புரதம் மிகுந்தது’ என்னும் எல்லையை இருமடங்குக்கு மேலாகக் கடந்துநிற்கும். எனவே பக்கெற்றின் முகப்பில் உள்ள சொல் பொய்யன்று. ஆயினும் அச்சொல் வாங்குவோருக்கு அறிவிப்பது மிகச் சிறிதே.

அறியவேண்டியது பின்பக்கத்திற் சிறிய எழுத்தில் உள்ளது. அங்கே ‘100 கிராமில் புரதம் இவ்வளவு’ என்னும் எண்ணைக் காணலாம். பக்கெற்று முழுவதிலுமுள்ள புரதத்தைக் கிராமிற் கணித்து, விலையை அதனாற் பிரிக்குக. கிடைப்பது ஒரு கிராம் புரதத்தின் விலையாகும். ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு கிலோ பயறு 1,000 ரூபா என வைத்துக்கொள்வோம். அதில் 240 கிராம் புரதம் உண்டு. ஆகவே ஒரு கிராம் ஏறத்தாழ 4 ரூபா 20 சதம். 100 கிராம் நிறையும் 8 கிராம் புரதமும் கொண்ட விசுக்கோத்துப் பக்கெற்று 200 ரூபா எனின், ஒரு கிராம் 25 ரூபா. இவ்விலைகள் கணக்கின் பொருட்டுக் கொள்ளப்பட்டவையே. வாசகர் தம் கடையிற் கேட்ட விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்க. விலை ஏறினும் இறங்கினும் கணக்கின் முறை மாறாது. பானத்தூள்களிற் பலவற்றிற் சீனி எத்தனை கிராமென்பதையும் அதே இடத்திற் காணலாம். அதனையும் வாசித்தபின் காசைக் கொடுப்பது நன்று.

புரதத்தை அளக்கும் முறைபற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். 1883ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டில், மதுவடிசாலையொன்றின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த கெல்டால் என்னும் இரசாயனவறிஞர், உணவிலுள்ள நைதரசனை அளக்கும் வழியொன்றைக் கண்டார். அந்நைதரசனின் அளவை 6.25 ஆற் பெருக்கினாற் புரதத்தின் அளவு கிடைக்கும் என்பது வழக்கம். ஆனால் இம்முறை நைதரசனைக் காணுமேயன்றி, அது புரதத்திலிருந்து வந்ததா வேறு பொருளிலிருந்து வந்ததா என்பதை அறியாது. 2008ஆம் ஆண்டிற் சீன நாட்டில், நீர்கலந்த பாலின் புரதம் குறையாததுபோற் காட்டும்பொருட்டு, நைதரசன் மிகுந்த மெலமைன் என்னும் கைத்தொழில் இரசாயனம் கலக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். குறைந்தது ஆறு குழந்தைகள் சிறுநீரகக் கேட்டினால் இறந்தனர். ஒரு சொல்லுக்கு உயர்ந்த விலை கிடைக்கும்போது அச்சொல்லைப் போலியாக்குவோரும் தோன்றுவர். முழுத்தானியமாக வாங்கும் பயற்றில் இவ்வித மோசடிக்கு இடமில்லை. கல்லும் வண்டுமே அதிலுள்ள குற்றம். அவை கண்ணுக்குத் தெரிவன.

புரதத்தைப்பற்றிய இப்பரபரப்பு புதியதன்று. 1933ஆம் ஆண்டில், இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டிற் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் வைத்தியர், பால்மறந்த குழந்தைகளின் உடல் வீங்கித் தோல் உரியும் நோயை விவரித்தார். குவாசியோர்க்கர் என அழைக்கப்பட்ட அந்நோய்க்குப் புரதக் குறைவே காரணமெனப் பலரும் கொண்டனர். 1955ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புரத ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தது. மீன்மா, கச்சான்மா, பாசி என்றிவ்வாறு புரதம் தேடும் முயற்சிகள் உலகெங்கும் நடைபெற்றன. பெருந்தொகைப் பணமும் செலவாயிற்று. ஆனால் 1960களில் இந்தியாவிற் கோபாலன் என்னும் ஊட்டவியலறிஞர், வறிய குழந்தைகளின் உணவை நிறுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குக் குறைவாயிருந்தது புரதம் மட்டுமன்று, வயிறுநிறைய உணவே என்பதைக் காட்டினார். 1974ஆம் ஆண்டில் மக்லாரன் என்பார் லான்செற்று மருத்துவ இதழில், புரதத்தின் பின்னே உலகம் ஓடியதைப் பெருந்தோல்வியென்றே எழுதினார். 1977ஆம் ஆண்டில் அக்குழுவும் கலைக்கப்பட்டது.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமன்று. உடலுக்கு முதலில் வேண்டியது எரிபொருள். சோறும் எண்ணெயும் போதாதவிடத்து, உண்ட புரதத்தையே உடல் விறகாக்கிவிடும். மெலிந்த பிள்ளைக்கு விலையுயர்ந்த பேணியை வாங்கிவிட்டு, அச்செலவினால் வீட்டில் எண்ணெயையும் முட்டையையும் குறைக்கும் தாய், வீடுகட்ட வாங்கிய தேக்கமரத்தை அடுப்பில் வைத்தவளாவாள். அவள்மீது குற்றமில்லை. பேணியின் முகப்பு அவளுக்கு அவ்வாறு சொல்லிற்று. பிள்ளை நிறை கூடாதவிடத்துக் கடைக்காரரிடம் கேளாது, குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி நிறுத்துப் பார்த்தல் வேண்டும். 1973ஆம் ஆண்டு தொடங்கி இந்நாட்டில் வழங்கப்படும் திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்தமையாற் புரதத்தையும் எரிபொருளையும் ஒருங்கே தருவது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமென இலவசமாகக் கிடைக்கும் அதனை ஆட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிட்டுப் பேணி தேடுவோரும் உளர் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை.

‘தாவரப் புரதம் குறைபாடுடையது’ எனச் சிலர் கூறுவர். இது பாதி உண்மை. புரதம் பல அமினோவமிலங்களால் ஆனது. அரிசியில் இலைசின் என்பது குறைவு, பருப்புவகைகளில் அது மிகுதி. பருப்புவகைகளில் மெதியோனைன் குறைவு, அரிசியிலும் எள்ளிலும் அது போதியளவுண்டு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறோ உழுந்தோ சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். நம் முன்னோர் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் பொங்கலில் வறுத்த பயற்றைச் சேர்த்தனர். தோசைக்கு அரிசியும் உழுந்தும் ஊறவைத்தனர். பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உழுத்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தனர். ஒடியற்கூழிலே மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்டனர். ஒடியல் பெரும்பாலும் மாச்சத்தே. அக்கூழைப் புரதமுள்ளதாக்குபவை அதனுட் போடப்படும் ஏனையவையே.

கடையில் விற்பனையாகும் மற்றைய பொருட்களைப்பற்றி அதிகங் கூறவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைகளிற் பலர் சமைக்கும் சோயா மீற், எண்ணெயெடுத்த சோயாமாவிலிருந்து செய்யப்படுவது. உலர்ந்த நிலையில் அதிற் பாதியளவு புரதம் உண்டு. ஊறியபின் நீர் சேர்வதால், 100 கிராமுக்குரிய அளவு மூன்றிலொன்றாகிவிடும். எனினும் அது மலிவானது, தீங்கற்றது. உப்பும் சுவைத்தூளும் மட்டும் கவனிக்கத்தக்கன. முருங்கையிலைத் தூள் இப்பொழுது அழகிய போத்தல்களில் வருகின்றது. அது நல்ல பொருளே. ஆனால் ஒரு தேக்கரண்டியிற் கிடைக்கும் புரதம் ஒரு கிராமளவே. வேலியில் நிற்கும் முருங்கையை ஒடித்து வறைசெய்தால் அதனினும் மிகுதியாக உண்ணலாம். இளைஞர் விரும்பும் ‘வே’ தூளோ, பாற்கட்டி செய்தபின் எஞ்சும் நீரிலிருந்து பெறப்படுவது. முன்னாளில் மேலைநாட்டார் அந்நீரைப் பன்றிக்கு வார்த்தனர், ஆற்றிலும் கொட்டினர். புரதத்தின் தரத்தில் அது சிறந்ததே. நாள்தோறும் மீன் உண்ணும் வீட்டில் அதற்குத் தேவை குறைவு. சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடலாகாது.

இனி விளைவிப்போர் கணக்கு. நன்கு பராமரிக்கப்பட்ட உழுந்து ஹெக்டேயருக்கு 1,000 கிலோவளவிற் பலன் தரும். நம் அளவையில் ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 25 கிலோ. அதிலுள்ள புரதம் 6 கிலோ. நாளொன்றுக்கு 50 கிராம் எனக் கொண்டால், ஒரு பரப்பு உழுந்து வளர்ந்த ஒருவரின் 120 நாட் தேவைக்குச் சமம். ஏட்டுக் கணக்கே இது. உழுந்தை மட்டும் உண்டு எவரும் வாழ்வதில்லை. ஆயினும் தோட்டத்து மூலையிற் கிடக்கும் ஒரு பரப்பின் மதிப்பை அறிய இது உதவும்.

வேறொரு மதிப்பும் உண்டு. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இட்ட நைதரசன் பசளை சுண்ணக்கற் பாறையினூடே கீழிறங்கிக் கிணற்று நீரைக் கெடுத்துள்ளது. பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்குரிய எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது. பயறும் உழுந்தும் தம் வேர்முடிச்சுக்களிலுள்ள பற்றீரியாக்களால் வளியிலிருந்தே நைதரசனைப் பெறுவதால், அவற்றுக்கு இப்பசளை மிகச் சிறிதே வேண்டும். நெல்லறுத்த வயலில் ஈரம் வற்றுமுன் பயற்றை விதைத்தால் 65 நாளளவில் அறுவடை செய்யலாம். திணைக்களத்தின் சிபாரிசான பயற்றில் எம்.ஐ.5, எம்.ஐ.6, உழுந்தில் எம்.ஐ.1, அனுராதா ஆகியன ஏற்றவை. இலையில் மஞ்சட் புள்ளிகள் பரவினால் அது வெண்ணீயினாற் கடத்தப்படும் வைரசு நோயாகும். அவ்வாறான செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி அழிக்கவேண்டும்.

விலையைப்பற்றி எச்சரிக்கை ஒன்று. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் பொன்விலை பெற்றன. 1977இன் பின் இறக்குமதி திறக்கப்பட்டபோது பலர் நட்டமடைந்தனர். 2020ஆம் ஆண்டில் உழுந்து, பயறு, கௌபி ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உழுந்தின் விலை பலமடங்காயிற்று. விளைவித்தவர் மகிழ்ந்தனர், அப்பளமும் வடையும் செய்து பிழைப்போர் இடர்ப்பட்டனர். இவ்வித விலை வரும், போகும். அதனைமட்டும் நம்பி நிலம் முழுவதையும் ஒரே பயிருக்குக் கொடுத்தல் தகாது.

விலை சிறிது நிலையாக நிற்பது மாவாக்கி விற்பதிலேயே. மாதர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யும் சத்துமாவுக்கு நல்ல வரவேற்புண்டு. அரிசி அல்லது குரக்கன் மூன்று பங்கு, பயறோ உழுந்தோ ஒரு பங்கு, எள்ளு சிறிது எனக் கொள்ளலாம். தானியங்களைக் கழுவி நன்றாக உலர்த்தித் தனித்தனியே வறுத்து, ஆறியபின் அரைக்க வேண்டும். கச்சானோ சோளமோ சேர்ப்பதாயின் பூஞ்சணம் பிடித்த மணி ஒன்றேனும் புகாதவாறு தெரிந்தெடுக்க வேண்டும். அப்பூஞ்சணத்தின் அபிலாதொட்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முற்றாக நீங்காதது. சோயாவைப் பச்சையாக அரைக்கலாகாது. புரதம் சமிபாடடைவதைத் தடுக்கும் பொருளொன்று அதில் உண்டு, வெப்பத்தினாலேயே அது அழியும்.

மாவாக்கும்வரை பயற்றைச் சேமிப்போர், பல்லிற் கடித்தால் நறுக்கென உடையும்வரை வெயிலில் உலர்த்தி, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் பூசி, காற்றுப்புகாத பாத்திரத்தில் வைத்தால் வண்டு முட்டையிடுவது பெரிதும் குறையும். பக்கெற்றின்மேற் சேர்மானங்களையும் அவற்றின் அளவையும் செய்த திகதியையும் முடிவு திகதியையும் எழுதுக. 100 கிராமிலுள்ள புரதத்தைப் பரிசோதனை செய்வித்து அறிந்த பின்னரே அவ்வெண்ணைப் போடுக. சுகாதார அனுமதியும் சுட்டுத்துண்டு விதிகளும்பற்றி உங்கள் பகுதிப் பொதுச்சுகாதார பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளலாம்.