கம்மாலைக் கத்தி: கத்தியையும் பாருங்கள், ஆளையும் பாருங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் கத்திக்குக் கிராக்கி ஏறுவது நாம் அறிந்ததே. பெருநாள் இல்லாவிட்டாலும் இறைச்சிக் கடைக்காரர், மீன் வெட்டுபவர், சீவல் தொழிலாளி என்று வருடம் முழுவதும் கத்தி கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் சீனக் கத்தியை வாங்கி அடுக்குவது சுலபம். கம்மாலையில் அடித்த கத்தியை வாங்கி விற்பதுதான் கஷ்டம். பெட்டிக் கத்தியில் பிழை இருந்தால் வாடிக்கையாளர் கம்பனியைத் திட்டுவார். கம்மாலைக் கத்தியில் பிழை இருந்தால் கடைக்காரரைத்தான் திட்டுவார். ஏனென்றால் அந்தக் கத்தியில் வேறு பெயர் எதுவும் இல்லை. ஆகவே சிறிய கொல்லர் ஒருவரிடம் சரக்கு எடுக்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இவ்வாரம் எழுதுகிறேன்.

வல்வெட்டித்துறையை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். பருத்தித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையில் உள்ள இந்தப் பட்டினம் ஒரு காலத்தில் பாய்க்கப்பல் கட்டிய ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அது 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கப்பல் கட்டும் ஊரில் ஆணிக்கும் உளிக்கும் கொல்லர் வேண்டும். கப்பல் கட்டுவது நின்ற பிறகும் மீன்பிடி நிற்கவில்லை, பனை சீவுவதும் நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்படும் வரை யாழ்ப்பாண முஸ்லிம்களில் பலர் இரும்பு, ஹாட்வெயார் வியாபாரத்தில் இருந்தார்கள். எங்கள் வீட்டுக் கடையும் அதில் ஒன்று. வடமராட்சிப் பக்கத்துச் சரக்கைச் சிறு வயதிலேயே கையில் தூக்கிப் பார்த்த பழக்கம் அப்படி வந்தது.

முதலில் இரும்பைக் கேளுங்கள். நம் கொல்லர்கள் பெரும்பாலும் லொறியின் பழைய ஸ்பிறிங் தட்டில்தான் கத்தி அடிக்கிறார்கள். அது நல்ல உருக்கு. நூற்றுக்கு அரை முதல் 0.6 பங்கு வரை கரி உள்ளதால் தோய்ச்சல் பிடிக்கும், இலேசில் ஒடியாது. ஆனால் பல வருடம் பாரம் சுமந்த தட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். நல்ல கொல்லர் அதைத் தட்டிப் பார்த்து, சந்தேகமான துண்டை ஒதுக்கி விடுவார். கட்டடக் கம்பியைத் தட்டையாக்கிக் கத்தி என்று தருபவர்களும் உண்டு. அதில் கரி குறைவு. எவ்வளவு தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். கிரைண்டரில் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கரி கூடிய உருக்கின் பொறி நிறையக் கிளை விட்டு வெடிக்கும். கம்பி இரும்பின் பொறி நீளமாக ஓடும், கிளை குறைவு.

அடுத்தது தோய்ச்சல். கத்தியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரும்பைக் காந்தம் பிடிக்காத சூடு வரும் வரை, அதாவது ஏறக்குறைய 770 பாகையையும் தாண்டிக் காய்ச்சி, எண்ணெயில் அல்லது தண்ணீரில் தோய்ப்பார்கள். அப்போது அது கண்ணாடி போல விறைத்து விடும். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடையும். எனவே மறுபடி 200 பாகைக்குச் சற்று மேலே மெதுவாகச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் எடுப்பார்கள். நீல நிறம் வரை விட்டால் (அது 300 பாகை அளவில் வரும்) கோடாலிக்குச் சரியாக இருக்கலாம், மீன் கத்திக்கு மென்மை கூடிவிடும். அவசரத்தில் கிரைண்டரை அழுத்திப் பிடித்துத் தீட்டும் போதும் இதே நீலம் வாயோரத்தில் வரும். தீட்டி முடித்த கத்தியின் வாயில் நீலத் திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அதை வாங்க வேண்டாம்.

கடையில் செய்யக் கூடிய சோதனைகள் இரண்டு சொல்கிறேன். புதிய அரம் ஒன்றை வாயோரத்தில் இலேசாக ஓட்டுங்கள். உடனே கடித்துத் தூள் உதிர்ந்தால் இரும்பு மென்மை. வழுக்கிக் கொண்டு போனால், அல்லது சிரமப்பட்டுக் கொஞ்சம் கடித்தால் பரவாயில்லை. பிறகு ஒரு பித்தளைக் கம்பியின் மேல் வாயைச் சரித்து வைத்து மெல்ல அழுத்தி இழுங்கள். வாய் சற்று வளைந்து திரும்பி நேராக வர வேண்டும். வளைந்தபடியே நின்றால் தோய்ச்சல் போதாது. பல் விழுந்தால் தோய்ச்சல் கூடிப் போனது. இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கொல்லரிடம் மொத்தமாக எடுக்காதீர்கள்.

மடக்காத கத்தியில் அடுத்து உடைகிற இடம் பிடி சேரும் இடம். பிடிக்குள் இறங்கும் வால் எவ்வளவு நீளம், வாயலகு முடிந்து வால் தொடங்கும் மூலை வளைவாக இருக்கிறதா, வெட்டினாற் போல இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டு மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். இறைச்சிக் கடைக்குப் போகும் கத்தியில் வால் பிடியின் கடைசி வரை ஓடி, இரண்டு மூன்று ஆணி அறைந்திருப்பது நல்லது. வல்வெட்டித்துறை போன்ற கரையில் உப்புத் தண்ணீர் பிடிக்குள் இறங்கி வாலைத் தின்றுவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும் கத்தி ஒரு நாள் கையோடு பிடியை விட்டுவிட்டுப் போகும். இது விரல் போகும் விடயம். பிடிக்கும் அலகுக்கும் இடையில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

உருக்குக் கத்தி கறுக்கும், துருப் பிடிக்கும். சீனத்துச் சில்வர் கத்தி அவ்வளவு பிடிக்காது. இதை வாங்குபவருக்கு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வைக்கச் சொல்லுங்கள்.

யாருக்குக் கத்தி என்பதும் முக்கியம். அறக்குளா துண்டு போடும் கத்தி வேறு, தோல் உரிக்கும் கத்தி வேறு, எலும்பு வெட்டும் கத்தி வேறு, பாளைக்கத்தி வேறு. படகில் நைலோன் கயிறு அறுக்க ஒன்று என்றால் அதற்கும் தனி வாய் வேண்டும். வேலையைச் சொல்லாமல் வாங்கிய கத்தியைப் பற்றி முறையிட முடியாது. சட்டமும் இப்படித்தான் சொல்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருந்தும் பொருளைத் தர வேண்டியது விற்பவரின் பொறுப்பு. பற்றுச்சீட்டில் "இறைச்சிக் கத்தி, தோல் உரிக்க" என்று இரண்டு சொல் கூட எழுதிக் கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் உங்களிடம் சொல்லி வாங்கினால் அதே பொறுப்பு உங்கள் தலையிலும் விழும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ஆளைப் பார்ப்பது. முதல் கொள்வனவில் மூன்று கத்திக்கு மேல் எடுக்க வேண்டாம். கடதாசி மட்டையில் அளவு வெட்டிக் கொடுத்து, மூன்றும் ஒரே அளவில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு கத்தி நன்றாகச் செய்பவர் பலர். பத்தும் ஒரே மாதிரிச் செய்பவர்தான் கடைக்கு உதவுவார். அந்த மூன்றையும் கை ஓயாமல் வேலை செய்யும் மூன்று பேருக்கு ஒரு மாதம் கொடுத்து வையுங்கள். பிறகு பிழை உள்ளதைத் திருப்பிக் கொண்டு போங்கள். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். "பாவித்தவன் பிழை" என்று பார்க்காமலே சொல்பவர் ஒரு வகை. கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எப்படிப் பாவித்தார்கள் என்று கேட்பவர் இன்னொரு வகை. அந்தப் பக்கத்து வயதான கொல்லர் ஒருவர் எனக்குச் சொன்னார்: "நானா, திரும்பி வராட்டி என்ர பிழை எனக்குத் தெரியாது. கொண்டு வாங்கோ."

எது யார் பிழை என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். வால் ஒடிந்தால், பிடி கழன்றால், வாய் மடிந்தால் கொல்லர் பொறுப்பு. தோல் உரிக்கும் கத்தியால் எலும்பில் அடித்துப் பல் விழுந்தால், துடைக்காமல் துருப் பிடித்தால் பாவித்தவர் பொறுப்பு. கொல்லர் மறுபடி தோய்த்துத் தருவதற்குக் காசு வாங்கக் கூடாது. கொண்டு போய் வரும் செலவு கடையினது. நான் இப்படித்தான் பேசுவது. பேசாமல் விட்டால் மூன்று பேரும் கோபித்துக் கொண்டு பிரிவார்கள்.

சிலர் கேட்பார்கள், மலிவுக் கத்தி ஆறு மாதத்துக்கு ஒன்று விற்கும், நல்ல கத்தியை ஏன் விற்க வேண்டும் என்று. ஒரு கணக்குக்கு வைத்துக் கொள்வோம். மலிவுக் கத்தி 900 ரூபா, மூன்று வருடத்தில் ஆறு கத்தி, 5400 ரூபா. கம்மாலைக் கத்தி 2400 ரூபா, நாலு மாதத்துக்கு ஒரு தரம் 200 ரூபா கொடுத்துத் தீட்டினால் ஒன்பது தரத்துக்கு 1800, மொத்தம் 4200 ரூபா. வாங்குபவருக்கு 1200 ரூபா மிச்சம். கடைக்காரருக்கு? ஆறு கத்தியின் இலாபம் போனது உண்மை. ஆனால் அந்த இறைச்சிக் கடைக்காரர் ஒன்பது தரம் உங்கள் படி ஏறுகிறார். வரும் போது கொக்கி, தராசு, சாணைக்கல், கயிறு என்று ஏதாவது வாங்காமல் போவதில்லை. தீட்டும் வேலையைக் கொல்லரிடமிருந்து எடுத்துக் கொடுப்பதைக் கடையே செய்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

கத்தியில் கொல்லரின் அடையாளம் ஒன்று குத்தச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரக் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் சட்டப்படி அமைந்த காலம் முதல் ஒவ்வொருவரின் முத்திரையையும் பதிந்து வந்தது. ஜேர்மனியின் சோலிங்கன் நகரப் பெயரை 1938 முதல் சட்டம் காக்கிறது. தமிழ்நாட்டில் திருப்பாச்சேத்தி என்றாலே அரிவாள் என்று சனங்கள் சொல்கிறார்கள். நம் பக்கத்துக் கொல்லர் பலர் பெயர் போடக் கூச்சப்படுகிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள். முத்திரை போட்ட நாளிலிருந்து திரும்பி வரும் கத்தி யாருடையது என்பதில் வாக்குவாதம் இராது. வேலையும் தானாகத் திருந்தும், கண்டிருக்கிறேன்.

பெருநாளுக்குக் கத்தி எடுப்பவர்கள் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே ஓடர் கொடுங்கள். கடைசிக் கிழமையில் நெருக்கினால் பதம் பார்க்கும் சூட்டைத்தான் கொல்லர் சுருக்குவார். முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். பாதியைக் கட்டாயம் கொடுங்கள், கரியும் இரும்பும் வாங்க அவருக்கு வேறு வழியில்லை. மீதியைக் கத்தி கைக்கு வந்து, அரம் ஓட்டிப் பார்த்த அன்றே கொடுத்து விடுங்கள்.