வெயிலுக்கு முதுகைக் காட்டு

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஏரிக்கரைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு, இதே கரையில் பல குளிர்காலம் நடந்து தேய்ந்த கிழவன் சொல்வது:

1. முதலில் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடு. கொல்கத்தாவின் இந்த ஏரிக்கு ரவீந்திர சரோவர் என்று 1958-இல் பெயர் மாறினாலும் எங்களுக்கு இது டாக்குரியா ஏரிதான். 73 ஏக்கர் தண்ணீர், கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. டாக்குரியா பகுதி இருப்பது கிழக்குக் கரையில். காலையில் இங்கே நின்றால் வெயில் உன் முதுகிலும் பறவையின் முகத்திலும் விழும். மாலையில் மெட்ரோ நிலையம் இருக்கும் மேற்குக் கோடிக்குப் போய்விடு.

2. வாத்தின் சிறகில் மின்னும் பச்சை வெறும் சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் பிறக்கும் நிறம் அது. பறவை கொஞ்சம் திரும்பினால் அதே பச்சை கருத்துவிடும். அது மறுபடி திரும்பும்வரை பொறுத்திரு.

3. முட்டி போடு. முடிந்தால் படுத்துக்கொள். பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால் பின்னால் இருக்கும் குப்பையும் படித்துறையும் மங்கிப்போகும்.

4. நீந்தும் பறவைக்கு ஷட்டர் 1/500 வை, பறப்பதற்கு 1/2000. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்று. படத்தில் விழும் புள்ளிகளைப் பிறகு துடைக்கலாம், பறவை அசைந்து கலங்கிய படத்தைத் தேற்ற வழியில்லை.

5. வெள்ளையைக் காப்பாற்று. சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரிக்குக் குளிர்காலத்தில் போனால் குள்ளத்தாராவைத் தேடு. ஆணுக்கு முகம் வெள்ளை, முதுகு பச்சை மினுங்கும் கருப்பு. எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து, ரா ஃபைலாக எடு. இருண்ட முதுகைக் கணினியில் மீட்கலாம். வெளுத்துப்போன முகம் போனது போனதுதான்.

6. நம்மூர்க் குளிர்காலப் புகைமூட்டத்தில் தூரத்துப் பறவையெல்லாம் சாம்பல் நிறம்தான். எந்த மென்பொருளும் அதை முழுதாகக் கழுவாது. பக்கத்தில் மேயும் கானாங்கோழியே போதும்.

7. கணினியில் உட்கார்ந்ததும் வண்ணத்தைத் தொடாதே. முதலில் நீர்மட்டக் கோட்டை நேராக்கு, பிறகு க்ராப் செய், அடுத்து வெள்ளைச் சமநிலை, வெளிச்சம், நிழல். கடைசியில் வண்ணம், அதுவும் ஒரு சிட்டிகை. ஆரம்பத்தில் நான் சாச்சுரேஷனை வாரி இறைத்து, ஆகாயத்தாமரை இலை விளக்குப் போல எரிய ஒரு படம் செய்தேன். பறவை பார்க்கும் நண்பர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த நாட்டுப் பறவை?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

8. பறக்கவைக்கக் கை தட்டாதே, கல் எறியாதே. வலசை வந்த ஊசிவால் வாத்து இமயத்துக்கு அப்பாலிருந்து வந்திருக்கிறது. அது சேர்க்கும் கொழுப்புதான் திரும்பிப் போகும் வழிச்செலவு. உன் ஒரு படத்துக்காக அதைக் கரைக்காதே.

9. வரும் ஞாயிறு, முதல் அரைமணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். கருப்பு என்று நீ தள்ளிய நீர்க்காகம் எந்தப் பக்கம் திரும்பும்போது மினுங்குகிறது என்று மட்டும் பார். அது தெரிந்த பிறகு பையைத் திற.