மேசைமேல் நிற்கும் செராமா: அழகுக் கோழியின் தரம் அறியும் முறை

தோட்டப்புற வீடுகளில் கோழி வளர்ப்பு நமக்குப் புதியதன்று. முட்டைக்கும் கறிக்கும் நாம் வளர்க்கும் நாட்டுக் கோழியின் மதிப்பைத் தராசு சொல்லிவிடும். அழகுக்காகவே வளர்க்கப்படும் கோழியின் மதிப்பைப் பழகிய கண்தான் சொல்ல வேண்டும். பரிசு பெற்ற செராமாச் சேவல்கள் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் கைமாறியதுண்டு. அச்செய்தியைக் கேட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்துடன் கோழி வாங்கச் செல்பவர், தரமறியாதவராயின், சாதாரணக் கோழியைப் பரிசுக் கோழியின் விலைக்கு வாங்கி வர நேரும். ஆகவே, செராமாவின் தரத்தைக் காணும் முறையை இப்பாடத்தில் படிப்படியாக அறிவோம்.

செராமா எது?

செராமா நம் நாட்டுக் கோழி. கிளந்தான் மாநிலத்தில் உருவானது. ஜப்பானியச் சிறுகோழியும் மலேசியச் சிறுகோழிகளும் கலந்து பிறந்த இனம் இது என்பர். இன்று நாம் காணும் வடிவத்திற்கு இதைக் கொண்டுவந்தவராகக் கிளந்தானைச் சேர்ந்த வீ யியான் ஈன் என்பவர் போற்றப்படுகிறார். 1970ஆம் ஆண்டுகளில் அவர் இம்முயற்சியில் ஈடுபட்டார். சயாம் நாட்டு மன்னர்களின் பட்டப்பெயராகிய 'ராமா' என்பதையொட்டி அவர் இப்பெயரை இட்டதாகக் கூறுவர். 1990இல் செராமா முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2001இல் அமெரிக்காவுக்குச் சென்றது. 2011இல் அந்நாட்டுக் கோழி வளர்ப்புச் சங்கம் வெள்ளைச் செராமாவைத் தன் இனப்பட்டியலில் சேர்த்தது.

உலகின் மிகச் சிறிய கோழியினமாக இது கருதப்படுகிறது. பெரும்பாலான செராமாக்கள் 500 கிராமுக்கு உட்பட்டவையே. கடையில் நாம் வாங்கும் கறிக்கோழியின் எடையில் கால் பங்குதான் இருக்கும்.

போட்டி நடைபெறும் விதம்

பல நாட்டுக் கோழிக் கண்காட்சிகளில் பறவை கூண்டிலேயே இருக்க, நடுவர்கள் பார்த்துச் செல்வர். செராமாப் போட்டியின் வழி வேறு. கோழியை ஒரு மேசைமீது தனியே விட்டுவிடுவர். அது தானாக நின்று, நடந்து, சிறகை அசைத்துக் காட்டும் நிலையைக் கண்டே நடுவர்கள் புள்ளி வழங்குவர்.

இம்முறையில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. கையில் பிடித்திருக்கும்போது எந்தக் கோழியின் நெஞ்சையும் நிமிர்த்திக் காட்டலாம்; எந்த வாலையும் தூக்கிக் காட்டலாம். கையை எடுத்த பின்னரும் அந்நிலை நிலைத்தால்தான் அது கோழியின் சொந்த அழகு. ஆதலின் செராமாவைப் பார்க்கும்போது முதலில் விற்பவரின் கையிலிருந்து அதை இறக்கிவிடச் சொல்க. இப்பாடத்தின் முதல் விதி இதுவே.

உறுப்புகளைக் காணும் முறை

முதலாவது, பக்கவாட்டுத் தோற்றம். கோழியின் கண்மட்டத்திற்கு நம் கண்ணைத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முதுகு குட்டையாக இருத்தல் வேண்டும். கழுத்து பின்னோக்கி வளைய, வால் மேல்நோக்கி எழ, இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய பள்ளம் ஒன்றே தெரியும். நீண்ட முதுகு தட்டையாகத் தெரியுமாயின் அக்கோழி முதற்படியிலேயே பின்தங்கிவிடும்.

இரண்டாவது, நெஞ்சும் தலையும். செராமாவின் பெருமை நெஞ்சிலேயே இருக்கிறது. அது நிறைந்து, உயர்ந்து, முன்னோக்கித் தள்ளி நிற்க வேண்டும். தலை பின்னுக்கு இழுக்கப்பட்டு, நெஞ்சைவிடப் பின்தங்கி இருக்க வேண்டும். கொண்டை ஒற்றையாகவும் நேராகவும் அமைதல் நன்று. ஒரு பக்கமாகச் சாய்தல் குறை.

மூன்றாவது, சிறகுகள். அவை ஏறக்குறைய செங்குத்தாகக் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். நுனி தரையை நெருங்கலாம், தரையில் இழுபடலாகாது. நாட்டுக் கோழியின் சிறகுபோல் முதுகோடு ஒட்டி மடங்கியிருப்பின் அது செராமாவுக்குப் பொருந்தாது. பின்னர் சிறகை மெல்ல விரித்து, இறகுகளின் நடுவே இயல்புக்கு மாறான இடைவெளி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, வால். அது நிமிர்ந்து நிற்க வேண்டும். சேவலின் நீண்ட வாலிறகுகள் வாள்போல் சிறிதே வளைந்திருத்தல் அழகு. பின்புறத்திலிருந்து பார்க்கையில் வால் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும் கோணல் வால் பெருங்குறை. அக்குறை குஞ்சுகளுக்கும் இறங்கக்கூடுமாதலால், அத்தகைய கோழியை இனப்பெருக்கத்திற்கும் கொள்ளலாகாது.

ஐந்தாவது, கால்கள். முன்னிருந்து பார்க்கையில் இரு கால்களும் நேராக, போதிய இடைவெளியுடன் உடலைத் தாங்கி நிற்க வேண்டும். முட்டி உள்நோக்கி ஒட்டுதல், கால் வில்போல் வளைதல், விரல் முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை குறைகளாம். நிற்கும்போது சரியாகத் தோன்றும் கால் நடக்கும்போது தடுமாறக்கூடும். ஆகையால் கோழியைப் பத்தடியேனும் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆறாவது, குணம். நல்ல செராமா மனிதரைக் கண்டு பதறாது. அதே வேளையில் சோர்ந்தும் நிற்காது. மேசைமேல் விடப்பட்டதும் பதுங்கும் கோழி, எத்துணை அழகிய உடலைப் பெற்றிருப்பினும் அதைக் காட்ட இயலாது போகும்.

ஏழாவது, எடை. போட்டிகளில் எடைக்கேற்பப் பிரிவுகள் உண்டு. சிறிய கோழிக்கு மதிப்பு மிகுதி என்பது உண்மையே. ஆயினும் வடிவம் கெட்ட சிறுமைக்கு மதிப்பில்லை.

நிறத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லையே என வாசகர் கேட்கலாம். நம் நாட்டுச் செராமா மரபில் நிறத்திற்கெனக் கட்டாய விதி இல்லை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, புள்ளி என எந்நிறமும் ஏற்புடையதே. ஆயினும் வாங்குவோரின் கண்ணை முதலில் கவர்வது நிறந்தான். ஏமாற்றமும் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரு பயிற்சி

பயில்வோரின் வசதிக்காக நாம் 100 புள்ளிகளைப் பின்வருமாறு பிரித்துக்கொள்வோம். போட்டி நடத்துவோர் தத்தமக்கென விதிகள் வைத்திருப்பர். இது நம் பயிற்சிக்கு மட்டும் உரியது. உடலமைப்புக்கு 30, நிற்கும் நிலைக்கு 25, சிறகுக்கும் வாலுக்கும் 20, குணத்திற்கு 15, உடல் நலத்திற்கும் இறகின் தூய்மைக்கும் 10.

இரு சேவல்களை எண்ணிக்கொள்வோம். முதற்சேவல் பொன்சிவப்பு நிறத்தது, இறகு பளபளக்கிறது. மேசைமேல் விட்டதும் கழுத்தை முன்னே நீட்டிக் குனிகிறது. முதுகும் சற்று நீளம். அதற்கு முறையே 18, 10, 14, 5, 9 எனப் புள்ளியிட்டால் மொத்தம் 56. இரண்டாம் சேவல் மங்கிய கறுப்பு. வாலிறகு ஒன்று ஒடிந்துள்ளது. ஆயினும் நெஞ்சு நிமிர்ந்து, தலை பின்வாங்கி, மேசையின் நடுவில் அஞ்சாமல் நிற்கிறது. அதற்கு 25, 21, 15, 12, 8 எனப் புள்ளியிட்டால் மொத்தம் 81. ஒடிந்த இறகு உதிர்ந்தால் புதியது முளைக்கும். நீண்ட முதுகு குறுகாது. மாறக்கூடிய குறை எது, மாறாத குறை எது எனப் பிரித்தறிவதே தரமறிதலின் உயிர்நாடி. நண்பர் இருவர் ஒரே கோழிக்குத் தனித்தனியே புள்ளியிட்டு, பின்னர் ஒப்பிட்டுப் பேசினால் இக்கண் விரைவிற் பழகும்.

வாங்குமுன் அறிய வேண்டியவை

செராமா தன்னைப்போலவே குஞ்சு பொரிக்கும் என்ற உறுதி இல்லை. ஒரே இணையின் குஞ்சுகளில் ஒன்று மிகச் சிறியதாகவும் மற்றொன்று பெரியதாகவும் வளர்வதுண்டு. ஆதலால் பரிசுச் சேவலின் முட்டை அல்லது குஞ்சு என்று சொல்லிப் பெருவிலை கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. குஞ்சின் நிலை பின்னர் மாறும். நான்கைந்து மாதம் வளர்ந்து பருவமடைந்த கோழியைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

சாயம் பூசுதல், இறகைக் கத்தரித்துச் சீராக்குதல் போன்ற போலிச் செயல்களும் உண்டு. ஈரத்துணியால் இறகைத் துடைத்துப் பார்க்கலாம். வாலின் அடியை விரலால் விலக்கி நோக்கலாம். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை எனக் கோழியைப் பார்ப்பது மேலும் நன்று. அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிறுமைக்கும் ஓர் எல்லை உண்டு

போட்டி ஆர்வத்தால் சிலர் எடை ஏறாதிருக்கத் தீனியைக் குறைக்க எண்ணுவர். அது தகாத செயல். பட்டினியால் மெலிந்த கோழியின் நெஞ்செலும்பு கத்திமுனைபோல் கையில் தட்டுப்படும், கண் ஒளியிழக்கும், மேசைமேல் நிற்கவும் வலுவிராது. சிறுமை பிறப்பால் வர வேண்டுவது, பசியால் வரலாகாது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்க. ஜப்பானியச் சிறுகோழியின் மிகக் குட்டையான காலுக்குக் காரணமான மரபுக்கூறு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரு கருவுக்கு வந்து சேர்ந்தால், அக்கரு முட்டைக்குள்ளேயே மடிந்துவிடும். அத்தகைய இணையின் கருக்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இவ்வாறு அழியும். செராமாவின் முன்னோரில் அக்கோழியும் உண்டு. ஆகவே குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் இணை சேர்ப்பதைத் தவிர்த்தல் அறிவுடைமை.

செராமா முட்டை சுமார் 19 நாளில் பொரிக்கும். குஞ்சு மிகச் சிறியதாகையால் ஆழமான தண்ணீர்த் தட்டில் விழுந்து இறக்கக்கூடும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் இவ்விழப்பைத் தடுக்கலாம். முதற்சில வாரங்கள் குஞ்சுகளை மழைச்சாரலும் குளிர்காற்றும் படாமல் வெப்பமாக வைத்திருத்தல் இன்றியமையாதது.

நோயைப் பற்றியும் கவனம் தேவை. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, நோய் பரவாதிருக்க வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்பட்டன. செராமா வளர்ப்புக்கும் அக்காலத்தில் பேரிழப்பு நேர்ந்தது. எனவே புதிதாக வாங்கிய கோழியையும் போட்டிக்குச் சென்று திரும்பிய கோழியையும் இரண்டு வாரமேனும் தனிக்கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். பல கோழிகள் திடீரென இறந்தால் அவற்றை வெறுங்கையால் தொடாமலும் உண்ணாமலும் விற்காமலும், உடனே மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தடுப்பூசி பற்றிய ஆலோசனையையும் அங்கேயே பெறலாம்.

பால்மரத்தின் பட்டையில் வெட்டு எவ்வளவு ஆழம் செல்லலாம், எங்கே நின்றால் மரத்திற்குக் காயம் ஏற்படாது என்பதை நம் தொழிலாளர்கள் கண்ணாலும் கையாலும் கற்றுத் தேர்ந்தவர்கள். கோழியின் தரமறிவதற்கும் அத்தகைய பொறுமையே வேண்டும். முதலில் பணத்தோடு சந்தைக்குச் செல்லாமல், வெறுங்கையோடு இரண்டு மூன்று போட்டிகளுக்குச் சென்று பாருங்கள். நடுவர் புள்ளியிடுமுன் நீங்களும் ஒரு தாளில் புள்ளியிட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். உங்கள் கணிப்பு நடுவரின் கணிப்பை நெருங்கி வரும் நாளே, கோழி வாங்கத் தகுந்த நாளாகும்.