முதலில் திகதியைப் பாரும்

அன்புள்ள பிள்ளைக்கு,

திங்கட்கிழமை நீர் வந்து இருக்கப்போகிற மேசையின் மேல் இழுப்பறையில் கடிதம் வெட்டும் கத்தி ஒன்று கிடக்கும். பித்தளைப் பிடி, முனை கொஞ்சம் வளைந்தது. அதை நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருடம் இந்த மேசையில் இருந்து, வாடகைச் சப்சிடி வீடுகளில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சனத்துக்கு வருடாந்த மீளாய்வுப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் நான். கணினியைவிட எனக்குக் கூடப் பயன்பட்டது அந்தக் கத்திதான். ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம். உம்மைப்போல் இந்த வேலைக்கு வருகிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

ஒரு பெப்ரவரி மாதம். சப்பாத்துப் பனியை வாசலில் தட்டிவிட்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். கையில் நீல நிறப் பிஸ்கற் பேணி. மூடியைத் திறந்தால் தையல் சாமான் இருக்கும் என்று நினைத்தேன். ஏழு கடிதங்கள் இருந்தன. ஒன்றும் திறக்கப்படவில்லை.

“சாமியறையிலை வைச்சனான் பிள்ளை. நல்ல கடிதமெண்டால் அம்மாள் பார்த்துக்கொள்ளுவா. கூடாததெண்டாலும் அவதானே பார்க்கவேணும்.”

முத்திரையின் திகதிப்படி அடுக்கி ஒவ்வொன்றாக வெட்டினேன். முதலாவது உறையில் மீளாய்வுப் படிவம். இரண்டாவதில் நினைவூட்டல். மூன்றாவது கொஞ்சம் கடுமையான நினைவூட்டல். ஏழாவதில் சப்சிடி நிற்கப்போகிறது, இன்ன திகதியிலிருந்து சந்தை வாடகை என்ற அறிவித்தல். அந்த அம்மா அந்த வீட்டுக்காகப் பதினொரு வருடம் வரிசையில் நின்றவர். ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு சதமும் ஒளிக்கவில்லை. வருமானமும் மாறவில்லை. உறையைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சப்சிடி பறிபோகிறவர்கள் என்றால் ஏமாற்றுக்காரர்கள் என்று ஊரில் பேச்சிருக்கிறது. என் மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் அப்படியில்லை. பேசாமல் இருந்ததால் இழந்தவர்கள் அவர்கள். ஆகவே உம்முடைய தொழில் படிவம் நிரப்புவதில் தொடங்குவதில்லை. உறையைத் திறக்க வைப்பதில் தொடங்குகிறது.

சட்டத்தை நீர் பயிற்சியில் படித்திருப்பீர். சனத்துக்கு எப்படிச் சொல்வது என்பதைச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 2011ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சேவைகள் சட்டத்தின் கீழ் வருவது இந்தச் சப்சிடி. படிவத்தில் ஆர்.ஜி.ஐ. என்று இருக்கும், வருமானத்துக்கேற்ற வாடகை என்று பொருள். வருமானத்தில் 30 சதவீதம் வாடகை. முன்பு சம்பளத் துண்டு, வங்கிக் கூற்று என்று ஒரு கட்டுக் கடதாசி கேட்பார்கள். 2020 யூலையில் விதி மாறியது. இப்போது அநேகமானோருக்கு வரித் திணைக்களம் அனுப்புகிற மதிப்பீட்டு அறிவித்தல்தான் அடிப்படை. எங்கள் சனம் அதை ‘அசெஸ்மென்ற்’ என்று சொல்லும். அதில் லைன் 23600ஐப் பாரும். அந்தத் தேறிய வருமானத்தில் சில கூட்டல் கழித்தல் செய்து, பன்னிரண்டால் பிரித்து, 30 சதவீதம் எடுப்பார்கள். எவ்வளவு குறைந்தாலும் ஓர் அடிமட்ட வாடகை உண்டு. 2020இல் அது 129 டொலர், பிறகு வருடாவருடம் கொஞ்சம் ஏறுகிறது. வெல்பெயரில் இருப்போருக்கும் மாற்றுத்திறனாளி உதவியில் இருப்போருக்கும் கணக்கு வேறு, அட்டவணை வேறு. இரண்டையும் குழப்பாதேயும்.

இதனால் உம்முடைய வருடம் ஏப்ரல் 30இல் சுழலும். அன்றைக்குள் வரிக்கணக்குக் கொடுக்காவிட்டால் அசெஸ்மென்ற் பிந்தும். அது பிந்தினால் மீளாய்வு பிந்தும். முதியோரின் வருமானக் குறைநிரப்பும் பிள்ளைகளின் கொடுப்பனவும் யூலையில் புதுப்பிக்கப்படுவதும் அதே கணக்கை வைத்துத்தான். “எனக்கு வருமானமே இல்லை, ஏன் ரக்ஸ் செய்யவேணும்?” என்று கேட்பார்கள். வருமானம் இல்லை என்பதற்கும் கடதாசி வேண்டும் என்று சொல்லும். மார்ச், ஏப்ரலில் தொண்டர்கள் இலவசமாக வரிக்கணக்குச் செய்து கொடுக்கும் முகாம்கள் நடக்கும். அந்த அட்டவணையை மேசைக்கு முன்னால் ஒட்டி வையும்.

ஒரு கடதாசியின் பெறுமதி எவ்வளவு என்று விளங்க ஒரு கணக்குப் பாரும். தாய் கட்டடம் துப்புரவு செய்கிறார். கூட்டல் கழித்தல் போக வருடத்துக்கு 24,000 டொலர் தேறிய வருமானம். மாதம் 2,000, வாடகை 600. இருபது வயது மகன் முழுநேரமாகக் கொலிஜில் படிக்கிறான், சனி ஞாயிறு கடையில் நின்று வருடம் 9,600 உழைக்கிறான். முழுநேர மாணவனின் வருமானம் கணக்கில் சேராது. ஆனால் அவன் மாணவன் என்று கொலிஜ் கொடுக்கும் கடிதம் படிவத்தோடு போகாவிட்டால்? குடும்ப வருமானம் 33,600. வாடகை 840. மாதம் 240 டொலர் கூட, வருடத்துக்கு 2,880. அந்தத் தாய் எத்தனை இரவு எத்தனை மாடி கூட்டினால் அந்தக் காசு வரும்? பொடியன் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் எடுத்திருக்கக்கூடிய ஒரு கடிதத்துக்காக! “மகன் என்ன செய்யிறார்?” என்று கேட்டு, “படிக்கிறார்” என்ற பதிலோடு நின்றுவிடாதேயும். முழுநேரமா, கடிதம் எங்கே, அடுத்த தவணையும் பதிந்தாயிற்றா என்று கேளும்.

இனிக் கடினமான கேள்விகளுக்கு வருகிறேன். படிவத்தில் அவை ஒரு வரிக்கு மேல் இராது.

“இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” மகள் கலியாணம் கட்டிப் போய் ஒரு வருடமாகியிருக்கும். ஆள் குறைந்ததென்று சொன்னால் சின்ன வீட்டுக்கு மாறச் சொல்வார்களே என்று தாய் அவள் பெயரை அப்படியே விட்டிருப்பார். இல்லையென்றால், பெயரில் இல்லாத தம்பியார் ஒருவர் ஹோலில் படுப்பார். நீர் கண்ணை மூடினால் அன்றைக்கு நல்ல பிள்ளை. இரண்டு வருடத்துக்குப் பிறகு பழைய பாக்கி என்று ஒரு பெருந்தொகை வரும்போது அந்தப் பாவம் உம்முடையது. மாற்றத்தைச் சொல்லத் தவணை உண்டு, தவணைக்குள் சொன்னது தவறாகாது என்று விளக்கும். வீடு மாறும் வழியில் என்னென்ன உரிமை இருக்கிறதென்றும் சேர்த்துச் சொல்லும். பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதேயும்.

“வேறெங்கும் வீடு உண்டா?” எங்கள் பெண்களிடம் இந்தக் கேள்வியை மெல்லக் கேளும். ஒன்ராறியோவுக்கு வெளியே இருக்கிற, வருடம் முழுவதும் குடியிருக்கத்தக்க வீடும் இந்தக் கேள்விக்குள் வரும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதன வீடு பெண்ணின் பெயரில். வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் யுத்தத்துக்குள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட ஒரு அக்கா என்னிடம் “இல்லை” என்றுதான் சொன்னார். பொய்யில்லை. கூரையில்லை, கதவு நிலையில்லை, குசினிக்குள் வேம்பு நிற்கிறது. பல வருடம் இராணுவத்தின் கையில் இருந்த காணி. ஆனால் சீதன உறுதி அவருடைய கைப்பையில் இருந்தது! பிளாஸ்ரிக் உறையில் சுற்றி, கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில். அது வீடா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உம்முடைய வேலையும் இல்லை, அவருடைய வேலையும் இல்லை. ‘உறுதி உண்டு, வீடு இந்த நிலையில் இருக்கிறது’ என்று எழுதி, படம் வைத்து, ஊர்க் கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுத்து இணைத்து விடும். முடிவெடுக்கிறவர் எடுக்கட்டும். அந்த அக்கா படங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதார். அந்த நேரத்தில் நான் விசைப்பலகையைத் தொடவில்லை. அதுவும் இந்தத் தொழில்தான்.

“எத்தனை நாள் வீட்டில் இல்லை?” தாய் செத்தால் ஊருக்குப் போவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அதோடு காணிப் பிரச்சினை, தம்பியின் கலியாணப் பேச்சு, நல்லூர்க் கோயில் கொடியேற்றம். வீட்டில் இல்லாமல் இருக்கக்கூடிய நாட்களுக்கு நகரம் வைத்த எல்லை உண்டு. கையேட்டில் இன்றைய எண்ணைப் பார்த்து, ரிக்கற் எடுக்க முதலே அலுவலகத்துக்கு எழுதி அறிவிக்கச் சொல்லும். மீளாய்வு மாதம் நடுவில் வந்தால் உறையை யார் திறப்பது என்பதையும் அவர்கள் புறப்பட முதல் பேசி முடித்துவிடும்.

இவ்வளவும் கேட்கும்போது முன்னால் இருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருக்கால் யோசியும். தான் ஏழை என்று வருடத்துக்கு ஒருதரம் நிரூபிக்க வேண்டும். சிலபேர் ஊரில் ஆசிரியர், சிலபேர் கடை முதலாளி. அதனால் கதிரையை மேசைக்கு எதிரே போடாமல் பக்கத்தில் போடும். திரையை அவர்களுக்கும் தெரியத் திருப்பி வையும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால், ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு வசனம் சொல்லும். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேயும். “ஒண்டுமில்லை அம்மா, ரென்ற்றைப் பற்றினது” என்று பிள்ளை பயத்தில் சுருக்கிவிடும். அந்த ‘ஒண்டுமில்லை’தான் மூன்று மாதத்துக்குப் பிறகு ஏழாவது கடிதமாக வரும்.

வேலை கூடினால் வீடு போய்விடும் என்ற பயமும் பெரிது. வருடத்தின் நடுவில் சம்பளம் கூடினால், பொதுவாக அடுத்த மீளாய்வு வரைக்கும் வாடகை கூடாது. மறுபக்கத்தில், வருமானம் 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் வருட முடிவு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, இடையிலேயே மீளாய்வு கேட்கலாம். தொழிற்சாலை மூடின கிழமையே இதைச் சொல்ல வேண்டும். பலருக்கு இது தெரியாது. தெரியாமல் கடன் அட்டையில் வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

என்னுடைய பிழையையும் ஒன்று எழுதுகிறேன். மூன்றாம் வருடம், கெட்டிக்காரி என்று நினைத்திருந்த காலம். ஒரு குடும்பத்தின் படிவத்தை அரை மணித்தியாலத்தில் நிரப்பி, தபாலில் போட்டுவிட்டேன். பதினெட்டு வயது தாண்டிய மகள் கையெழுத்து வைக்க வேண்டிய பக்கம் வெறுமையாகப் போனது. பிரதி எடுக்கவில்லை. அனுப்பின திகதிக்கும் சாட்சியில்லை. படிவம் வரவில்லை என்றார்கள், நான் அனுப்பினேன் என்றேன். ‘அனுப்பினேன்’ என்ற சொல்லுக்கு கடதாசி உலகத்தில் பெறுமதியில்லை. அன்றிலிருந்து எல்லாப் பக்கத்துக்கும் போட்டோக்கொப்பி. நேரில் கொடுத்தால் எங்கள் பிரதியிலும் திகதி முத்திரை. தொலைபேசியில் பேசினால் யாருடன், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி. கொப்பியை அந்தக் குடும்பத்தின் கையிலும் கொடுத்து விடும்.

நோட்டீஸ் வந்த பிறகு வருகிறவர்களும் இருப்பார்கள். “வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டாங்கள்” என்று அழுதுகொண்டு வருவார்கள். சப்சிடி போவது வேறு, வீடு போவது வேறு. குடியிருப்பவரை வெளியேற்ற நில உரிமையாளர், குடியிருப்போர் சபையின் கட்டளை வேண்டும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. சப்சிடி நிறுத்தினது சரியா பிழையா என்று அந்தச் சபை பார்க்காது. அதற்குச் சட்டம் அதிகாரம் கொடுக்கவில்லை. அங்கே போய் நியாயம் கேட்கலாம் என்று இருந்தால், அங்கே வாடகைப் பாக்கி மட்டும்தான் கணக்கில் நிற்கும். சப்சிடி முடிவை மீளப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டிய இடமும் கடைசித் திகதியும் நோட்டீசிலேயே இருக்கும். அதனால்தான் எந்தக் கடிதமாக இருந்தாலும் முதலில் திகதியைப் பாரும் என்கிறேன். வாசிப்பது, விளக்குவது, ஆறுதல் சொல்வது எல்லாம் பிறகு. திகதி நெருங்கிவிட்டால் இலவசச் சட்ட உதவி நிலையத்துக்கு அன்றைக்கே அழையும்.

பிஸ்கற் பேணி அம்மாவுக்கு மீளப் பார்க்கக் கேட்டு எழுதினோம். விடுபட்ட கடதாசிகள் எல்லாம் கொடுத்தோம். சப்சிடி தப்பியது. அடுத்த வருடம் தை பிறந்த கையோடு அவர் திரும்ப வந்தார். பேணி இல்லை. ஒரேயொரு உறை. மேற்பக்கம் பல்லுப் பல்லாகக் கிழிந்திருந்தது. குசினிக் கத்தியால் கீறித் தானே திறந்திருக்கிறார். உள்ளே இருந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் திகதி இருந்த பக்கத்தைத் தேடி, கடைசித் திகதியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார்.

“பிந்தேல்லைத்தானே பிள்ளை?” என்றார்.

இருபத்தாறு நாள் இருந்தது.

அன்புடன்,
உம்முடைய மேசையில் முன்பு இருந்தவள்